மானுடவியலுக்குக் கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். போன டிசம்பரில் குடும்பத்தோடு கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகருக்கு வந்திருக்கிறீர்கள். வயது இருபது. ஊரில் பி.ஏ. வரலாறு ஒரு வருஷம் படித்தீர்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் என்பதால் ஆதிச்சநல்லூரைப் பார்த்தே வளர்ந்தவர், தொல்லியல்மேல் ஆசை; இங்கே அது மானுடவியலுக்குள் வரும். அத்தை வீட்டிலோ, "கம்யூனிட்டி காலேஜ் பட்டத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், அதிலும் மானுடவியலா? கம்ப்யூட்டர் எடு" என்கிறார்கள். முதல் இரண்டு வருஷப் படிப்பைத் தரும் அந்த அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் மாதிரி ஒரு இடத்துக்கு மாற முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். நான் வந்ததும் அந்த வழியாகத்தான். கலிஃபோர்னியா 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டமே இப்படித்தான் அமைந்திருக்கிறது: யார் வேண்டுமானாலும் கம்யூனிட்டி காலேஜில் சேரலாம், நன்றாகப் படித்தால் மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். கடைசியில் கையில் வருவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம். முதல் இரண்டு வருஷம் எங்கே படித்தீர்கள் என்று அதில் எழுதியிருக்காது. அத்தையிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். மாநிலவாசி என்றால் கம்யூனிட்டி காலேஜில் பாடங்களை அளக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டியது 60 செமஸ்டர் யூனிட், ஆக மொத்தம் 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. யு.சி. வளாகங்களில் மாநிலவாசிக்கே வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் மாநிலவாசி என்ற தகுதி வந்து இறங்கியதுமே கிடைத்துவிடாது. செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன்னால் இங்கே ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். டிசம்பரில் வந்த உங்களுக்கு இந்த ஆகஸ்ட் செமஸ்டருக்கு அது கணக்காகாது, அதற்கடுத்து ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு ஆகும். அவசரப்பட்டு இப்போதே சேர்ந்தால் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். அதுவரை பக்கத்து அடல்ட் ஸ்கூலில் ஆங்கில வகுப்புக்குப் போங்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுங்கள், உங்கள் பெயரில் பேங்க் கணக்குத் தொடங்குங்கள், கிடைத்த வேலைக்குப் போய் மாநில வரி தாக்கல் செய்யுங்கள். பிறகு கல்லூரி ஆதாரம் கேட்கும்போது இவைதான் கைகொடுக்கும். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்ய மாநிலத்தில் ஒரு திட்டம் உண்டு.

இனிப் படிப்பு. நம் ஊரில் தொல்லியல் வரலாற்றோடு ஒட்டி நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது மானுடவியல் துறைக்குள் இருக்கிறது. உடல்சார் மானுடவியல், பண்பாட்டு மானுடவியல், தொல்லியல், மொழிசார் மானுடவியல் என நான்கு கிளைகள். கம்யூனிட்டி காலேஜில் இந்த நான்குக்கும் அறிமுக வகுப்புகள் இருக்கும், எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் எல்லா செமஸ்டரிலும் நடக்காது. உடல்சார் மானுடவியலை லேபோடு சேர்த்து எடுங்கள். மண்டையோட்டு வார்ப்புகளைக் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள், இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லப் பழகுவீர்கள். பொதுக்கல்விக்கு வேண்டிய அறிவியல் லேப் கணக்கும் அதிலேயே தீர்ந்துவிடும். புள்ளியியலையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பண்பாட்டு மானுடவியல் வகுப்பு. அது மாலை வகுப்பு. ராணுவத்திலிருந்து வந்தவர், இரவு ஷிஃப்டுக்குப் போகும் நர்ஸ், பேரப்பிள்ளை எடுத்த பாட்டி என்று எல்லோரும் ஒரே வகுப்பில். திருமணச் சடங்கு பற்றிய பாடத்தில் ஆப்கானிஸ்தானத்துக்காரரும் மெக்ஸிகோக்காரரும் நானும் பேசிக்கொண்டது எந்தப் பாடநூலிலும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெரிய அறிமுக வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது. கம்யூனிட்டி காலேஜில் முப்பது நாற்பது பேர்தான். ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில் போய் உட்காருங்கள். கூச்சம் வேண்டாம், அந்த நேரம் உங்களுக்காகத்தான்.

எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத் தளம் சொல்லும். உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் வளாகத்தையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். மானுடவியலுக்கு மாறுகிறவர்கள் குறைவு என்பதால் எல்லாக் கவுன்சலருக்கும் அதன் நெளிவு சுளிவு தெரிந்திருக்காது. வளாகத்துக்கு வளாகம் படிப்பும் வேறுபடும். யு.சி.எல்.ஏ.விலும் டேவிஸிலும் மானுடவியலில் பி.ஏ., பி.எஸ். இரண்டும் உண்டு, பி.எஸ்.ஸுக்கு அறிவியல் பாடங்கள் கூடுதலாக வேண்டும்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள் டேக் என்ற உறுதி தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன ஜி.பி.ஏ.வோடு, அதாவது மதிப்பெண் சராசரியோடு, முடித்தால் இடம் நிச்சயம். ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும், விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில். பெர்க்லிக்கு டேக் கிடையாது. அதனால் டேவிஸிலோ சாண்டா குரூஸிலோ உறுதி வாங்கி வைத்துக்கொண்டு, அக்டோபர், நவம்பரில் பொது விண்ணப்பம் போடும்போது பெர்க்லியையும் சேருங்கள். வேறு யோசனையே வேண்டாம், இதைச் செய்யுங்கள்.

அந்த விண்ணப்பத்தில் நான்கு சிறு கட்டுரைகள் கேட்பார்கள். உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. இங்கே பழங்குடிகளின் எலும்புகளையும் புதைபொருட்களையும் அருங்காட்சியகங்கள் அவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று 1990இல் சட்டமே வந்தது. தோண்டி எடுத்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஊரிலிருந்தே சுமந்து வந்தவர் நீங்கள். அதை எழுதுங்கள். பெர்க்லிக்கும் நம் பக்கத்துக்கும் பழைய தொடர்பும் உண்டு. அங்கே பேராசிரியர்களாக இருந்த எமனோவும் மண்டல்பாமும் 1930களில் நீலகிரியில் களப்பணி செய்தவர்கள். எமனோ தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார், மண்டல்பாம் கோத்தர் வாழ்க்கையை.

ஃப்ரீமாண்டில் உங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் கல்லூரியின் பெயர் ஓலோனி. அது இந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். பெர்க்லியின் மானுடவியல் துறையை வளர்த்த குரோபர், ஓலோனி மக்கள் ஏறத்தாழ அழிந்துவிட்டார்கள் என்று 1925இல் எழுதினார். அழியவில்லை. அவர்களின் சந்ததியார் இன்றும் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழ்கிறார்கள். 2021இல் பெர்க்லி தன் மானுடவியல் கட்டிடத்திலிருந்து குரோபர் பெயரை எடுத்தது. பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான எமரிவில்லில் இன்று கடைவீதி நிற்கும் இடத்தில்தான், 1902இல் தொல்லியலாளர் மேக்ஸ் ஊலே ஆய்வு செய்த பெரிய சிப்பிமேடு, அதாவது பூர்வகுடிகள் விட்டுச்சென்ற சிப்பி ஓடுகள் குவிந்த மேடு, இருந்தது. மேடு போய்விட்டது, தெருவுக்கு மட்டும் அதன் பெயர். வகுப்பில் இதைப் படித்த வாரமே அங்கே போய்ப் பார்த்தேன். இந்தத் துறையை விட மாட்டேன் என்று எனக்குப் பட்டது அன்றுதான்.

வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்பார். கம்ப்யூட்டர் சம்பளம் வராது, அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆனால் வேலை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1970 முதல் இருக்கும் சுற்றுச்சூழல் சட்டப்படி பல கட்டுமானங்களுக்கு முன்னால் தொல்லியல் பாதிப்பையும் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் தனியார் நிறுவனங்களில்தான் என்னைப் போன்றவர்கள் வேலை பார்க்கிறோம். ஜே.சி.பி. மண்ணை அள்ளும்போது பக்கத்தில் நின்று பார்ப்போம். மனித எலும்பு தென்பட்டால் அங்கே வேலை நிற்கும், மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். பழங்குடியினருடையது என்று அவர் முடிவு செய்தால் பழங்குடி மரபுக்கான மாநில ஆணையம் உரிய சந்ததியாரைக் குறிப்பிட்டு அழைக்கும். பி.ஏ.வும் ஒரு கோடைக்காலக் களப்பயிற்சியும் இருந்தால் ஆரம்ப வேலைக்குப் போகலாம். அகழாய்வைத் தலைமையேற்று நடத்த முதுகலை வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஊரில் படித்த அந்த ஒரு வருஷத்தை யு.சி. விண்ணப்பத்தில் கட்டாயம் காட்ட வேண்டும், மதிப்பெண் எப்படி இருந்தாலும் சரி. கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலைச் சித்தப்பா, மாமா யாரையாவது அனுப்பி இப்போதே வாங்கச் சொல்லுங்கள். அங்கே அதற்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அசிஸ்டில் ஓலோனியையும் டேவிஸையும் போட்டு வரும் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். முதல் செமஸ்டருக்கு எதை எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.