வாசகர் கேள்வி – பதில்: குதச் செட்டை இல்லாத சுறா

கேள்வி: கொக்கிளாய்க்குக் கிழக்கே ஆழக்கடலில் ஆயிரங்கால் தூண்டில் விட்டவர்களுக்குச் சாம்பல் நிறச் சுறா ஒன்று கிடைத்தது. நீளம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெரிய கண்கள் பச்சையாக மின்னின. இரண்டு முதுகுச் செட்டைகளின் முன்னாலும் ஒவ்வொரு முள் இருந்தது. ஏதோ பெருஞ்சுறாவின் குட்டி என்கிறார்கள். சரியா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: குட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நீங்கள் குறிப்பிடும் அடையாளங்கள் ஸ்குவாலிஃபோர்மஸ் என்னும் வருணத்துக்குரியவை (வருணம் என்பது பல சாதிகளை அடக்கிய பெரும் பிரிவு; சாதி என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம்). இவ்வருணத்தில் முழு வளர்ச்சி பெற்ற பின்னும் ஒரு மீற்றரைத் தாண்டாத இனங்கள் பல உள்ளன. ஆண் சுறாவாயின், வயிற்றுச் செட்டைகளோடு ஒட்டியுள்ள இரண்டு கோல் போன்ற உறுப்புகள் நீண்டு விறைப்பாக இருந்தால் அது முதிர்ந்தது என்று கொள்ளலாம். அடுத்து, வயிற்றுச் செட்டைக்கும் வாலுக்கும் இடைப்பட்ட அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். நம் கரையோரத்துப் பால்சுறாவில் அவ்விடத்தில் இருக்கும் குதச் செட்டை இவ்வருணத்தில் எந்த இனத்துக்கும் இல்லை.

சாதியை அறிய முதலில் முள்ளைப் பாருங்கள். முள்ளின் பக்கத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தால் நீளவாக்கில் ஒரு தவாளிப்பு (பள்ளக் கோடு) தட்டுப்படுமாயின், அதோடு மார்புச் செட்டையின் உள்மூலை கூராகப் பின்னோக்கி நீண்டிருக்குமாயின், அது சென்ட்ரோஃபோரஸ் சாதி. முள் வழுவழுப்பாக இருந்து, வாலடியின் இருபுறமும் மெல்லிய வரம்பு ஓடினால் ஸ்குவாலஸ் சாதி.

இனத்தைப் பிரிப்பதுதான் கடினம். சென்ட்ரோஃபோரஸ் கிரனுலோசஸ் என்ற இனத்துக்கு 1801இல் புளொக், ஷ்னைடர் ஆகிய ஜேர்மானிய அறிஞர்களின் நூலில் பெயரிடப்பட்டது. எனினும் பெயரிடுவதற்கு அடிப்படையான உடல் பேணப்படாததால், ஒன்றரை மீற்றரைத் தாண்டும் பெரிய இனத்தையும் ஒரு மீற்றரளவில் நின்றுவிடும் சிறிய இனத்தையும் பலர் இப்பெயராலேயே அழைத்துவந்தனர். 2013இல் ஆய்வாளர்கள் புதிய மாதிரியுடல் ஒன்றை நியமித்து, அப்பெயர் பெரிய இனத்துக்கே உரியது என உறுதிப்படுத்தினர். இது வெறும் ஏட்டு விவகாரமன்று. இரண்டு இனங்களின் பிடிபாடும் ஒரே பெயரில் பதிவானால் அவற்றுள் ஒன்று அருகிப்போவது கணக்கில் தெரியவே தெரியாது.

அருகிப்போவது எளிது என்பதற்கு இவற்றின் இனப்பெருக்கமே காரணம். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, குட்டிகள் மஞ்சட்கருவை உண்டு வளர்ந்து, முழு உருவத்தோடு பிறக்கின்றன. சென்ட்ரோஃபோரஸ் மொலுக்கென்சிஸ் ஒரு சூலில் வழக்கமாக இரண்டே குட்டிகளை ஈனும். இச்சாதியின் முள்ளந்தண்டெலும்புகளில் வயதைப் படிப்பது கடினம். எனவே முதுகுமுள்ளைக் குறுக்கே வெட்டி அதன் வளையங்களை எண்ணுவார்கள். அவ்வாறு எண்ணியபோது சென்ட்ரோஃபோரஸ் ஸ்குவாமோசஸ் எனும் இனத்தில் 70 வயது வரை கணிக்கப்பட்டுள்ளது. உங்கள் ஊரவர் குட்டி என்று நினைத்தது, பிடித்தவரைவிட மூத்ததாகவும் இருந்திருக்கலாம்.

கேள்வி: இவற்றின் ஈரலெண்ணெயை வியாபாரிகள் தேடுவது ஏன்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஸ்குவாலீனுக்காக. யப்பானிய இரசாயனவியலாளர் சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரலெண்ணெயில் கண்டறிந்த இப்பொருள், அழகுசாதனப் பூச்சுகளுக்கும் சில தடுப்பூசிகளுக்கும் பயன்படுகிறது. சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழ்கடற் சுறாவின் உடல்நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஈரலாகவே இருக்கக்கூடும். ஸ்குவாலீன் நீரைவிட இலேசானது (அடர்த்தி 0.86 அளவு) ஆகையால், பல நூறு மீற்றர் ஆழத்திலும் சுறா அதிகம் நீந்தாமலே அமிழாமல் நிற்கிறது. மாலைதீவில் 1980களில் இந்த எண்ணெய்க்காகவே சென்ட்ரோஃபோரஸ் சுறாக்களை ஆழத்தூண்டிலில் பிடித்தார்கள்; சில ஆண்டுகளிலேயே பிடிபாடு சரிந்து அத்தொழில் படுத்துவிட்டது. 2010இல் அந்நாடு எல்லாச் சுறாப்பிடிப்பையும் தடைசெய்தது. ஒலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் இதே பொருளைப் பெறமுடிகிற இக்காலத்தில், இரண்டே குட்டி ஈனும் ஓர் உயிரை அதற்காகக் கொல்வதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கேள்வி: இது சுறா வறைக்கு ஆகுமா? பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீண்டகாலம் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்கிறது, சமைப்பதால் அது நீங்காது. பால் சுரக்கும் என்று சுறா கொடுப்பது நம்மவர் வழக்கம் என்றாலும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஆழ்கடற் சுறாவைத் தவிர்க்கவேண்டும். சூடையும் நெத்தலியும் அவர்களுக்கு உகந்தவை. முல்லைத்தீவுச் சந்தையில் மலிவாகவும் கிடைக்கும்.