ஆமா போடுறவங்க கதை

கேள்வி: எங்க ஆபீஸ்ல ட்ரெயினிங் வச்சு, இனிமே ஸ்லைடு வேண்டாம், எதையும் கதையா சொல்லுங்கன்னுட்டாங்க. எல்லாரும் ஆமா போட்டாங்க. எனக்கு கதை சொல்ல வராது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: கதை கிடக்கட்டும் தம்பி, அந்த ஆமா போட்டவங்கள பத்தி சொல்லும். தக்கலைல இருந்துகிட்டு நீரு கோயில் கொடை விழாவுக்கு போனதே இல்லியா? வில்லுப்பாட்டுல புலவர் ஒரு அடி பாடினதும் பக்கத்துல இருக்கவரு 'ஆமா'ன்னு எடுத்துக் குடுப்பாரு, ஆனா அவரு சும்மா ஆமாச்சாமி இல்ல கேட்டீரா, 'அதெப்படி, ராசாவுக்கு அது தெரியாதா?'ன்னு குறுக்க ஒண்ணு போடுவாரு, கடைசில உக்காந்து கடலை கொறிக்கிற பாட்டிக்கு வந்த அதே சந்தேகம், அதுக்கு பதில் சொல்லித்தான் கதையே நகரும். உங்க மேனேஜர் பேச்சுக்கு ஆமா போட ஆள் நிறைய இருக்கும், குறுக்க கேக்க ஒருத்தன் உண்டா?

நேரமும் அப்படித்தான். பூசாரி தீபாராதனைக்கு ரெடியாகும்போது கதைல சாமி இறங்கிருக்கணும், பூசை லேட்டுன்னா புலவர் காட்டுல ஒவ்வொரு மரமா வர்ணிப்பாரு, அவசரம்னா காட்டையே ரெண்டு அடில தாண்டிருவாரு. சாயங்காலம் பஸ்ஸ விட்டுட்டு நாம முழிக்கையில 'அடுத்த ஸ்லைடு'ங்கிறாரே, அவர ஒரு கொடைக்கு கூட்டிட்டு போங்க.

ஸ்லைடு மேல எனக்குள்ள கோவம் பழைய வாசகர்களுக்கு தெரியும், திரும்பவும் சொல்லத்தான் செய்வேன். 2003-ல கொலம்பியா விண்கலம் 7 பேரோட நொறுங்கிச்சே, அது மேல சுத்திகிட்டு இருக்கையிலயே இறக்கைல அடிபட்டத பத்தி ஸ்லைடு போட்டு பேசினாங்க. ஒரு பெரிய அதிகாரி அத படிச்சுட்டு இது உயிர் போற சமாச்சாரம்னே புரியாம விட்டுர வாய்ப்பிருக்குன்னு விசாரணை அறிக்கையே எழுதிருக்கு. அடுத்த வருஷம் அமேசான்ல ஜெஃப் பெசோஸ் ஸ்லைடே கூடாதுன்னுட்டாரு. விஷயத்த ஆறு பக்கத்துக்குள்ள வாக்கியமா எழுதிட்டு வரணும், மீட்டிங் தொடங்கினதும் எல்லாரும் பேசாம அத படிக்கணும், பொறவுதான் கேள்வி.

உமக்கு கதை வராதுன்னு யாரு சொன்னா? சர்வர் படுத்துகிச்சுன்னா மொதல்ல யாரு போன் பண்ணினா, அவருக்கு எந்த வேலை நின்னுச்சு, நீங்க எதத் தொட்டு எது சரியாச்சு, இத வரிசையா சொல்லும், போதும். பக்கத்து சீட்டுக்காரர்ட்ட முன்னாடியே சொல்லி வையும், குறுக்க கேக்கணும்னு. ராசா ராணியெல்லாம் ட்ரெயினரே வச்சுக்கட்டும்.

வில்லுப்பாட்டுன்னதும் வழக்கமா எழுதுற நம்ம நெல்லை வாசகர் போஸ்ட் கார்டை எடுத்திருப்பாரு, 'அது எங்க ஊரு சொத்து'ன்னு. ஐயா, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-ல பொறந்தது எங்க நாகர்கோவில் ஒழுகினசேரில, சினிமாவுக்கு முன்னாடியே வில்லடிச்ச ஆளு. வில்லு எங்களுக்கு, கூடத் தட்டுற குடம் உங்களுக்குன்னு பாகம் பிரிச்சுக்கலாமான்னு போன மாசமே கேட்டேனே, அதுக்கு மட்டும் ஏன் பதிலக் காணோம்?