60 வயதுக்கு மேல் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டப் பழக முடியுமா?

கேள்வி: எனக்கு 62 வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். கேமரா டிரோன் ஓட்டியிருக்கிறேன். ரிமோட் ஹெலிகாப்டர் பழக ஆசை. இந்த வயதில் கை வருமா? எதை வாங்கித் தொடங்குவது?

கை வரும் சார். நான் தொடங்கியபோது எனக்கு 58. ஆனால் டிரோன் அனுபவத்தை இங்கே கணக்கில் சேர்க்காதீர்கள். டிரோனில் விரலை எடுத்தால் ஜிபிஎஸ் அதை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கும். ஹெலிகாப்டர் அப்படி நிற்காது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் கோலிக்குண்டை நிறுத்துவது மாதிரி, ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் கொடுத்தால்தான் ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது, நிலைக்கும்.

வயதானால் ரிஃப்ளெக்ஸ் குறையும், அதனால் முடியாது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் கஷ்டம் திசையில்தான் இருக்கிறது. வால் உங்கள் பக்கம் இருக்கும்வரை வலது வலதுதான், இடது இடதுதான். மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் எல்லாம் தலைகீழ். 20 வயதுப் பையனும் இங்கேதான் திணறுகிறான். நோஸ்-இன் நிலைக்கு எனக்கு உதவிய சூத்திரம் இது: எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். உங்களை நோக்கி வந்தால், ஸ்டிக்கையும் உங்கள் பக்கம் இழுங்கள். கொஞ்ச காலத்தில் சூத்திரம் மறந்துபோய், கை தானாகச் செய்யும்.

அது நடக்க வேண்டிய இடம் சிமுலேட்டர். ரியல்ஃபிளைட், நெக்ஸ்ட் என்று சில மென்பொருள்கள் இருக்கின்றன. பின்னால் எந்த ரிமோட்டில் பறக்கப் போகிறீர்களோ அதையே கணினியில் இணைத்துப் பழகுங்கள், விரல் அதற்குப் பழகிவிடும். வாங்கும்போது மோட் 2 என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றி இறக்குவதும் வாலைத் திருப்புவதும் இடது கையில், சாய்ப்பதெல்லாம் வலது கையில். முதலில் வால் நம் பக்கம், அப்புறம் இரண்டு பக்கவாட்டு நிலைகள், கடைசியில் மூக்கு நம் பக்கம். பலர் இந்தக் கடைசியை விட்டுவிட்டு வட்டமடிக்கப் போய்விடுவார்கள். முதல் தடவை அது முகத்துக்கு நேரே திரும்பும்போது செலவு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் காபிக்குப் பிறகு 15 நிமிடம் போதும்.

எதை வாங்குவது? மேலே கீழே இரண்டு சுழலி உள்ள கோஆக்சியல் பொம்மையைப் பேரனுக்குக் கொடுத்துவிடுங்கள். அது தானாகவே நிற்கும், நமக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. வீட்டு ஹாலுக்குள் திசை பழக வி911 மாதிரி குட்டி ஹெலிகாப்டர் பரவாயில்லை, விழுந்தாலும் அவ்வளவாக உடையாது. உண்மையான ஹெலிகாப்டர் என்றால் கலெக்டிவ் பிட்ச்தான். அதில் பிளேடின் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், பிளேடின் கோணம் மாறித்தான் ஏற்றமும் இறக்கமும். ஓஎம்பி எம்2 என்ற மாடல் வகையில் மோட்டாரே நேரடியாகச் சுழலியைச் சுற்றுவதால் உடைவதற்குப் பல்சக்கரம் இல்லை. 450 என்று பெயரிட்ட அளவு மாடல்களில் ஒவ்வொரு பிளேடும் சுமார் 325 மி.மீ. நீளம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காற்றிலும் கொஞ்சம் நிதானமாக நிற்கும். ஆனால் விழுந்தால் பிளேடு, மெயின் ஷாஃப்ட், பல்சக்கரம், வால் குழாய் எல்லாம் சேர்ந்து போகும்.

இப்போது பல மாடல்களில் செல்ஃப்-லெவல் மோட் வருகிறது. விரலை எடுத்தால் தானே நேராகிவிடும். பயம் தெளிய நல்லது, ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். அதில் முன்னே போக ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண மோடில் தள்ளி விட்டதும் சாய்வு அப்படியே நிற்கும், எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நேராக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கைப்பழக்கம். அவசரத்துக்கு ஒரு சுவிட்சில் அதை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நம் வயதுக்கு உண்மையான சிக்கல் கண்தான். புரோகிரஸிவ் கண்ணாடியில் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிக்க. ஹெலிகாப்டர் கண்மட்டத்துக்குக் கீழே நிற்கும்போது பார்வை கீழ்ப் பாதிக்குள் போய்விடும், படம் கலங்கும். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டேன், பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. கேனபி, அதாவது ஹெலிகாப்டரின் முன்பக்கக் கூடு, பளீர் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். வெள்ளையும் சாம்பலும் மேகத்தில் காணாமல் போகும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற காலை நேரம் உத்தமம், காற்றும் குறைவு. கை நடுங்கினால் ரிமோட்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் வரை வைத்துப் பாருங்கள், ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகிவிடும். கழுத்துப் பட்டை மாட்டினால் ரிமோட்டின் எடை தோளுக்குப் போய், விரல்கள் இளகும்.

முதல் ஹோவருக்குக் கீழே குறுக்குக் கம்பிகளும் பந்துகளும் உள்ள பயிற்சிக் கால் மாட்டுங்கள். எழும்பியதும் இடப்பக்கம் நகர்ந்தால் கோளாறு என்று பயப்பட வேண்டாம். மெயின் சுழலி மேலிருந்து பார்க்க வலச்சுற்றாகச் சுற்றும் மாடல்களில், அதன் திருகலைச் சமாளிக்கும் வால் சுழலி முழு ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் துளி சாய்த்தே நிறுத்த வேண்டும். தரையை ஒட்டியே வைத்திருக்கவும் நினைக்காதீர்கள், தரையில் மோதித் திரும்பும் காற்றில் அது தள்ளாடும். இடுப்பு உயரத்துக்குப் போனால் அடங்கும்.

லிப்போ பேட்டரியில் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். பறக்காத நாட்களில் 3.8-இல் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது கோயிலுக்கோ கடைக்கோ கிளம்பிப் போகாதீர்கள்.

இதை விளையாட்டுப் பொருள் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 450 அளவிலேயே பிளேடு நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றும். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில், நல்ல அனுபவமுள்ள 19 வயது இளைஞர் தன் ஹெலிகாப்டரே தாக்கி இறந்துபோனார். அது பெரிய மாடல். ஆனாலும் 450-க்கே பத்தடி இருபதடி தள்ளி நில்லுங்கள், தெருப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் இறக்கிவிடுங்கள். மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்சை யோசிக்காமல் தட்ட விரலைப் பழக்குங்கள். கட்டுப்பாடு போய்விட்டது என்று தெரிந்தால், காப்பாற்றப் பார்க்காமல் அதைத் தட்டிவிட வேண்டும். அப்படி விழுந்தால் சேதமும் குறைவு.

பறக்கும் இடத்தை முன்கூட்டியே அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பாருங்கள். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். 2021 டிரோன் விதிகளின்படி, 2 கிலோவுக்குள் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் தேவையில்லை. 450 அளவு இந்த எடைக்குள் வந்துவிடும். பதிவு பற்றிய விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று சொன்னால், மைதானம் தேடுவது பற்றிக் கருத்துப் பகுதியில் பேசலாம்.