வாக்குப்பதிவு குறைவான பகுதிகளில், மக்களிடையே இருந்தே தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க விரும்புகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தொடங்குங்கள். தன்னார்வலர்களுக்குச் சில ஆண்டுகளாக இத்தகைய பட்டறைகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும், வீட்டில் ஒரு சிக்கல் என்றாலும், அந்தத் தெருவினர் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ, அவரே உங்களுக்கு வேண்டியவர்.

இதற்கு அமெரிக்க வரலாற்றில் அருமையான முன்னுதாரணம் ஒன்று உண்டு. தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்வதற்கு எழுத்தறிவுத் தேர்வு பெருந்தடையாக நின்ற காலத்தில், அம்மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் முதல் குடியுரிமைப் பள்ளி, அதாவது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்து வாக்காளராகப் பதிவு செய்ய உதவும் வகுப்பு, தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்று உழைத்தவர்கள் ஆசிரியையாக இருந்த செப்டிமா கிளார்க்கும் அத்தீவைச் சேர்ந்த எசாவ் ஜென்கின்ஸும். ஆனால் ஆசிரியையாக அமர்த்தப்பட்ட பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர், கூந்தல் அலங்காரமும் தையலும் செய்து வாழ்ந்தவர். கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் 14 பேருடன் தொடங்கிய அந்த வகுப்பில், சிறுவர்களுக்கான பாடப் பொருள்கள் பெரியவர்களுக்கு ஒவ்வாதவை என்று கண்டு அவற்றை ஒதுக்கிவிட்டு, அவர்கள் என்ன கற்க விரும்புகிறார்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடமும் அங்கிருந்தே தொடங்கியது. கூந்தல் அலங்காரக்காரருக்கு வருமானம் தம் மக்களிடமிருந்தே வந்தது என்பதையும் கவனியுங்கள். கிளார்க்கோ, கறுப்பினத்தவர் உரிமை அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் தம் ஆசிரியர் வேலையை இழந்தவர். பிறர் ஒரு சொல்லில் பறித்துவிட முடியாத பிழைப்பு உடையவரால்தான் அச்சமின்றி இந்தப் பணியைச் செய்ய முடியும்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். என் முதல் பட்டறையில் முற்பகல் முழுவதும் ஜனநாயகத்தின் மேன்மை பற்றிய உரைகளிலேயே கழிந்தது, அது தவறு. பிற்பகலில் இருவர் இருவராக அமர்த்தி, வாக்காளர் வீட்டுக்குச் செல்வதைப் போல நடித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பெண்மணி துண்டறிக்கையை நீட்டியபடி நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். வாக்காளராக எதிரில் இருந்தவர் இரண்டு முறை வாய் திறந்தும் சொல்ல இடம் கிடைக்கவில்லை. என்ன சொல்ல வந்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, "வீடு மாறியதில் என் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது, அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். அவர் நடிக்கவில்லை, தம் உண்மை நிலையையே சொன்னார். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி நேரம் கேட்டுப் பழகுவதற்கும், பட்டியலில் பெயரைத் தேடிப் படிவத்தைக் கையால் நிரப்பிப் பார்ப்பதற்குமே ஒதுக்கப்படுகிறது.

துண்டறிக்கை அச்சிடுவதில் அதிகம் செலவழிக்க வேண்டாம். அரசியல் ஆய்வாளர்களான ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் நடத்திய கள ஆய்வில், வீட்டுக்கே சென்று நேரில் பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது. அஞ்சலின் பயன் சிறிதே, தொலைபேசி அழைப்பால் பயன் தெரியவில்லை. ஆனால் தொலைபேசியிலும் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். 2008இல் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சனும் டாட் ரோஜர்ஸும் செய்த ஆய்வில், எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்கப்பட்டவர்களில், குறிப்பாக வீட்டில் ஒரே வாக்காளராக இருந்தவர்களிடையே, வாக்களித்தோர் கூடினர். இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் தலைவர்கள் இயல்பாகக் கேட்கும் வரை பயிற்சி கொடுங்கள்.

யாருக்கு வாக்களிப்பது என்ற பேச்சை வாசலிலேயே தவிர்க்க வேண்டும் என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சாய்வு தெரிந்துவிட்டால் அந்தத் தெருவில் மீண்டும் நம்பிக்கை பெறுவது கடினம். ஒவ்வொருவருக்கும் நடந்தே சென்று திரும்பக்கூடிய சில வீடுகளை மட்டும் ஒப்படைத்து, யாருக்கு என்ன தடை என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மீண்டும் அதே வீட்டுக்குச் செல்லச் செய்யுங்கள். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாளுக்கு முன்பே முதல் சுற்று முடியும்படி பட்டறையின் தேதியைக் குறியுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால், வீடு மாறி வந்த அந்த மனிதருக்கு நீங்கள் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.