அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்புமா?

கேள்வி: யூடியூப் நேரலையில் ஈலான் மஸ்க் பேசிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் இருந்த கியூஆர் கோடுக்கு பிட்காயின் அனுப்பினால் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று போட்டிருந்தது. சேனலுக்கு லட்சக்கணக்கான சந்தாதாரர்கள். என் மைத்துனர் ஐயாயிரம் ரூபாய்க்கு அனுப்பிவிட்டார், எதுவும் வரவில்லை. இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் சேர்ந்து வரும் என்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். ஒருவர் உங்களுக்கு பிட்காயின் கொடுக்க உங்கள் வாலட்டின் (கிரிப்டோ நாணயங்களைக் கையாளும் டிஜிட்டல் பணப்பை) முகவரி மட்டும் போதும். அந்த முகவரியைச் சரிபார்க்கத்தான் முதலில் அனுப்பச் சொல்கிறோம் என்பார்கள். மொய் எழுத வந்தவர், 'முதலில் நீங்கள் எனக்கு ஐந்நூறு கொடுங்கள், கை நீள்கிறதா பார்க்கிறேன்' என்று சொன்னால் எப்படியிருக்கும்?

சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அது வேறு யாருடைய சேனலையோ திருடிப் பெயர் மாற்றியதாக இருக்கலாம். 2024 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலிலேயே ஊடுருவி, எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயம் பற்றிய வீடியோவை ஓடவிட்டார்கள். 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், மஸ்க் ஆகியோரின் அசல் ட்விட்டர் கணக்குகளிலேயே இரட்டிப்பு அறிவிப்பு வந்தது. சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றி உள்ளே நுழைந்தவர்களில் முக்கியமானவன் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன்!

இத்தகைய பக்கங்களில் 'இவருக்கு இவ்வளவு திரும்பியது' என்று ஒரு பட்டியலும் ஓடும். அது வெறும் படம் காட்டல். அவர்கள் தந்த முகவரியை ஏதாவது ஒரு பிளாக்செயின் (பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேடு) தேடல் தளத்தில் மைத்துனரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கும். பணம் உள்ளே வந்த வரிகள் இருக்கும். அனுப்பியவருக்கே இரண்டு மடங்காகத் திரும்பிய வரியைத்தான் தேட வேண்டும்.

போன பணத்தை வங்கி போல நிறுத்திவைக்கவோ திருப்பவோ பிட்காயினில் ஆளில்லை. ஆனாலும் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு உடனே புகார் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், முகவரி, திரைப்பிடிப்புகள் கைவசம் இருக்கட்டும். நாணயம் வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கும் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) தெரிவியுங்கள். வாலட்டையே திறந்துவிடும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்தால், மிச்சத்தை இன்றே புதிய வாலட்டுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

'கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்' என்று இனி யாராவது வருவார்கள். மைத்துனரின் தொலைபேசி கொஞ்ச நாள் உங்கள் கண்பார்வையில் இருப்பது நல்லது.