கரு பதியும் நாட்களில் என்சைம்களுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

சென்னையில் குழந்தையின்மை சிகிச்சை ஆய்வகத்தில் கருவியலாளராக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தாம்பரம் தோழி: ஆய்வகத்தில் வளர்த்த ஐந்தாம் நாள் கருவைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள் மேடம். அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டினால் மட்டும் போதாதும்மா, உள்ளே புதைய வேண்டும். முதலில் தன்னைச் சுற்றியுள்ள உறையைவிட்டுக் கரு வெளியே வரும். அப்புறம் அதன் வெளிச்செல்கள் எம்எம்பி-2, எம்எம்பி-9 என்கிற என்சைம்களைச் சுரந்து, கர்ப்பப்பை உட்சுவரில் உள்ள கொலாஜன் என்ற புரத வலையை அறுத்து வழி செய்துகொள்ளும்.

பெரம்பூர் தோழி: அந்த என்சைமைத் தடுக்கும் புரதம் கர்ப்பப்பையிலேயே சுரக்கிறதாமே? அதைக் குறைக்க மருந்து இருக்கிறதா?

குறைக்க நினைக்கவே வேண்டாம். டிம்ப் எனப்படும் அந்தப் புரதம் உங்கள் எதிரி இல்லை. என்சைம் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டுவதே அதுதான். பழைய சிசேரியன் தழும்பு மாதிரி உட்சுவர் சரியாக இல்லாத இடத்தில் கரு பதிந்தால், நஞ்சுக்கொடி தசைவரை ஊடுருவிவிடலாம். பிரசவத்தில் அது பிரியாமல் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஊடுருவல் போதாமல் போனாலும் கஷ்டம்தான். தாயின் ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமல், பின்னாளில் பிரீஎக்லாம்சியா என்னும் ரத்த அழுத்தக் கோளாறு வரலாம். உட்சுவரைப் பக்குவப்படுத்தி, இந்த என்சைம்களையும் அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். அதைத்தான் உங்களுக்கு மருந்தாகத் தருகிறார்கள். அதனால்தான் அந்த மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மயிலாப்பூர் தோழி: எம்எம்பி வேலை செய்யத் துத்தநாகம் தேவையாமே. ஜிங்க் மாத்திரை போடலாமா?

தேவை என்பது உண்மை. அதற்காகக் கூடுதலாகப் போட்டால் கரு நன்றாகப் பதியும் என்று அர்த்தமில்லை.

வியாசர்பாடி தோழி: பப்பாளியில் என்சைம் இருக்கிறது, தொடவே கூடாது என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. காயின் பாலில் பப்பாயின் என்ற புரதம் அறுக்கும் என்சைம் நிறைய இருக்கிறது. எலிகளின் கர்ப்பப்பைத் தசையை அந்தப் பால் சுருங்கவைத்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். காயைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகப் பழுத்ததில் பால் மிகக் குறைவு. ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அழ வேண்டாம்.

வேளச்சேரி தோழி: இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்களை உடலில் உருவாக்கும் காக்ஸ் என்சைம்களை அவை தடுப்பவை. காக்ஸ்-2 இல்லாத எலிகளில் கரு பதிவதே பாதிக்கப்பட்டது. வலி இருந்தால் இன்றே போன் செய்து, எந்த மாத்திரை போடலாம் என்று கேட்டுவிடுங்கள்.