முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் ரோபோ பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி 80 டிகிரிதான் மடங்குகிறது. ரோபோ பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: அறுவை செய்த மருத்துவர் சரி என்றால் போகலாம். அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இயந்திரம் காலைத் தானாகவே மடக்கி நீட்டுகிறதா, அல்லது அம்மா முயன்றால் மட்டும் கைகொடுக்கிறதா?

படுத்திருப்பவரின் காலை மோட்டாரே ஆட்டும் கருவி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதனால் பெரிய பலன் இல்லை என்பதுதான் ஆய்வுகள் காட்டியது. முட்டி வீங்கியிருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கிறது. 'காலைத் தூக்குங்கம்மா' என்றால் தொடை லேசாகத் துடிக்கும், குதிகால் மெத்தையை விட்டு எழும்பாது. எழுப்ப வேண்டியது அந்தத் தசையைத்தான். காலைச் சும்மா ஆட்டிவிட்டால் அது விழிக்காது.

புதிய ரோபோக்களில் சில, தோலில் ஒட்டிய உணரிகள் வழியே தசையின் மெல்லிய மின்துடிப்பைப் படித்து, குறைகிற பலத்தை மட்டும் சேர்க்கின்றன. தசை தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்படிப்பட்டது என்றால் நல்லதுதான். ஆனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சியைவிட இது மேல் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. கடன் வாங்கியாவது போக வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் 80 டிகிரி என்பது கொஞ்சம் பின்தங்கல்தான், பயப்பட வேண்டாம். சமதளத்தில் நடக்க 65, 70 டிகிரி போதும். படியேற 90 டிகிரியாவது வேண்டும். ஆறு வாரத்திலும் 90ஐத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

எனக்கு மடக்குவதைவிட நீட்டுவதில்தான் கவலை அதிகம். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள்: முட்டிக்குப் பின்னால் உங்கள் கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறதா? இருந்தால் கால் முழுதாக நீளவில்லை. நடக்கும்போது தாங்கித் தாங்கித்தான் நடப்பார். முட்டிக்கடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும், அப்படியே விறைத்தும் போகும். அதை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கடியில் வையுங்கள். ஐந்து, பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை.

அப்புறம், கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், தையலில் கசிவு, காய்ச்சல் என்று எது வந்தாலும் எந்தப் பயிற்சியும் வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.